சலவைக் குறி சொல்லும் சேதி



சில மாதங்களாக எனக்கு வருகிற கடிதங்களில் ஒரே கேள்வி, வெவ்வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. "சதையை எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறமும் 'மார்க்கர் டெஸ்ட்' என்று ஒன்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள். தெரிந்த வியாதிக்கு எதற்கு இன்னொரு டெஸ்ட்? பணம் பிடுங்கத்தானே?"

கேள்வியில் கோபம் இருக்கிறது. கோபத்துக்கு அடியில் பயமும் இருக்கிறது. ஆனாலும் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டிய கடமை என்னைப் போன்றவர்களுக்கு மற்ற டாக்டர்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஏனென்றால் நான் நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை; மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காருகிற டாக்டர். உங்கள் வீட்டாரின் சதைத் துணுக்கு வந்து சேருகிற இடம் எங்கள் மேஜைதான். இந்த மார்க்கர் டெஸ்ட்டைக் கேட்டு எழுதுவதும் பெரும்பாலும் நாங்கள்தான்!

எல்லா வேட்டியும் வெள்ளைதான்

அந்தக் காலத்துச் சலவைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டு வேட்டிகள், புடவைகள், தலையணை உறைகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார். வெள்ளாவியில் வைத்து, துவைத்து, உலர்த்தி, அவரவர் துணியை அவரவர் வீட்டில் சரியாகக் கொண்டு வந்து கொடுப்பார். எப்படி? துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு சின்னக் குறி போட்டு வைத்திருப்பார். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, இன்னொரு வீட்டுக்கு ஒரு கோடும் புள்ளியும். வெள்ளாவியில் வெந்தாலும் அந்தக் குறி போகாது. பார்வைக்கு எல்லா வேட்டியும் வெள்ளை வேட்டிதான். எந்த வீட்டு வேட்டி என்பதை ஓரத்துக் குறிதான் சொல்லும்.

நம் உடம்பின் செல்களும் அப்படித்தான். ஒவ்வொரு வகைச் செல்லும் தன் மேலோ உள்ளேயோ தனக்கென்று சில புரதங்களை வைத்திருக்கிறது. அவைதான் அதன் சலவைக் குறிகள். இங்கிலீஷில் 'மார்க்கர்' என்பது இதைத்தான். செல் புற்றுநோயாக மாறித் தன் சாயல் கெட்டுப்போனாலும், பிறந்த வீட்டுக் குறியில் ஒன்றிரண்டாவது அதனிடம் மிஞ்சியிருக்கும். அதைத் தேடிப் பிடிக்கிற சோதனைதான் 'இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி'. வாயில் நுழையாத பெயர் என்பதால் நாங்கள் சுருக்கமாக 'ஐ.எச்.சி.' என்போம்.

ஒரு தாய் கேட்ட கேள்வி

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் 9 வயதுப் பையனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கழுத்தில் நெறிகட்டி, விட்டு விட்டு ஜுரம், ராத்திரியில் சட்டை நனைகிற மாதிரி வேர்வை. ஊரில் இதை டி.பி. நெறி என்று எண்ணி, சதையைச் சோதிக்காமலே மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். ஆறு வாரமாகியும் கட்டி கரையவில்லை; இன்னும் பெருத்தது. அப்புறம்தான் நெறியை முழுசாக எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

ஊர் டாக்டரை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் கழுத்து நெறிக்கு டி.பி. மிகச் சாதாரணமான காரணம்தான். ஜுரம், வேர்வை, இளைப்பு எல்லாம் இரண்டு வியாதிக்கும் பொது. அதனால்தான் சதையைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பெரிய பெரிய செல்கள். சிலவற்றின் உட்கரு குதிரை லாடம் போல வளைந்திருந்தது. புற்றுநோய் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் புற்றுநோய்? அதைக் கண்ணால் மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியவில்லை. மார்க்கர் டெஸ்ட் வேண்டும் என்று எழுதினேன்.

மறுநாள் அந்தத் தாய் லேபுக்கே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, கேன்சருன்னு சொல்லிப்புட்டாங்க. அதுக்கப்புறம் இன்னும் என்னம்மா பாக்கணும்? ஒரு வாரம் ஆகுமாம். அதுக்குள்ள கட்டி இன்னும் பெருசாயிடாதா? மருந்தை ஆரம்பிச்சுட வேண்டியதுதானே?"

"எந்த மருந்தை ஆரம்பிக்கிறதும்மா?" என்று கேட்டேன்.

அவர் பேசாமல் நின்றார்.

"புற்றுநோய்ங்கறது ஒரு ஆளோட பேரு இல்லேம்மா, ஒரு ஊரோட பேரு மாதிரி. ஊர் தெரிஞ்சா போதுமா? தெருவும் கதவு இலக்கமும் தெரிஞ்சாத்தானே கடுதாசி போய்ச் சேரும்? மருந்தும் அப்படித்தான்" என்றேன். அவருக்குப் புரிந்தது. "சரிம்மா, பாத்துச் சொல்லுங்க" என்று போனார்.

நிணநீர்ச் செல்களில் வருகிற புற்றுநோய்க்கு 'லிம்போமா' என்று பெயர். அதில் மட்டுமே அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்குப் போதாது. சிலவற்றுக்கு உதவவே உதவாது. போதாக்குறைக்கு, வேறு உறுப்பில் உண்டான புற்றுநோய் நெறிக்குப் பரவியிருந்தால், அதுவும் பார்வைக்கு இதே போல இருக்கக்கூடும்.

எங்கள் சமையலறையில்

இந்தச் சோதனையைச் செய்கிற விதம் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. எங்கள் லேபும் ஒரு சமையலறைதான்!

சதைத் துண்டு கெட்டுப் போகாமலிருக்க முதலில் பார்மலின் திரவத்தில் ஊறுகிறது. பிறகு நீர்ச்சத்தை நீக்கி, உருக்கிய மெழுகில் ஆழ்த்தி, சின்ன சோப்புக் கட்டி மாதிரி உறைய விடுகிறோம். இதுதான் 'பிளாக்'. அதை மெஷினில் மிக மெல்லிய தாள்களாகச் சீவுகிறோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று நான்கு பங்கு கனம்தான் இருக்கும். வெங்காயச் சருகெல்லாம் இதற்கு முன்னால் கம்பளி!

சீவிய தாளைக் கண்ணாடியில் ஒட்டி, மெழுகை நீக்கியதும், உப்பு சேர்ந்த கரைசலில் வைத்துச் சூடாக்குகிறோம். பல லேபுகளில் இதற்குப் பயன்படுவது என்ன தெரியுமா? பிரஷர் குக்கர்! பார்மலினில் ஊறியதால் இறுகி மூடிக்கொண்ட புரதக் குறிகள் இந்தச் சூட்டில் மறுபடி வெளியே தெரிகின்றன. இப்படிச் சூடாக்கும் முறை 1991-ல்தான் வெளியானது. அதற்குப் பிறகே மெழுகுக் கட்டிகளில் இந்தச் சோதனை உலகமெங்கும் பரவியது.

அடுத்து, ஒரு குறியை மட்டுமே தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தை விடுகிறோம். ஒட்டாததைக் கழுவிவிடுகிறோம். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரும்படி ஒரு ரசாயனம் சேர்க்கிறோம். குறி இருந்தால் செல் பழுப்பாகும்; இல்லாவிட்டால் ஆகாது. கூடவே, குறி நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த வேறொரு சதையையும் வைத்துப் பார்ப்போம். அதில் நிறம் வராவிட்டால் அன்றைய சோதனை செல்லாது; திரும்பச் செய்ய வேண்டும். குழம்பை இறக்குமுன் நீங்கள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான்.

ஒரு குறிக்கு ஒரு கண்ணாடி. ஆறு, எட்டு, பத்து என்று குறிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். பல சமயம் முதல் வரிசையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிசையைத் தீர்மானிக்க முடியும். செலவும் நாட்களும் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

குறிகள் பேசிய விதம்

பையனின் சதையில் என்ன தெரிந்தது? தோலிலும் உறுப்புகளின் உட்சுவரிலும் இருக்கிற செல்களின் குறி 'கெரட்டின்'. அது இல்லை. ஆக, வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த சாதாரணப் புற்றுநோய் அல்ல. 'எஸ் 100' என்ற குறியும் இல்லை. ஆகவே தோலின் நிறச் செல்களில் வருகிற வகை அல்ல. நிணநீர்ச் செல்களில் 'பி', 'டி' என்று இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. பி வீட்டுக் குறியான சி.டி.20 இல்லை. டி வீட்டின் வழக்கமான குறியான சி.டி.3-ம் இல்லை!

பிறந்த வீட்டுக் குறியையே அழித்துக்கொண்ட செல்களா? இங்கேதான் மற்ற குறிகள் கைகொடுத்தன. சி.டி.30 என்ற குறி ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வளையமாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் 'ஹாட்ஜ்கின்' என்ற வேறு லிம்போமாவிலும் இந்தக் குறி வரும். அதற்குரிய மற்ற குறிகளைத் தேடினோம், இல்லை. கடைசியாக 'ஆல்க்' என்ற குறியைப் பார்த்தோம். உட்கருவும் அதைச் சுற்றிய பகுதியும் பழுப்பாகிவிட்டன. ஆரோக்கியமான நிணநீர்ச் செல்லில் ஆல்க் இருக்கவே இருக்காது. ஆகவே விஷயம் முடிவானது: 'ஆல்க் பாசிட்டிவ் அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமா'. டி குடும்பத்து வியாதி. அபூர்வமானதுதான், ஆனாலும் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வரும்.

ஆக, ஒரே ஒரு குறியை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. இருப்பது, இல்லாதது இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

இந்தக் குறிகள் வந்த வழி

1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரே குறியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். அதற்காக 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1982-ல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதிய எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து, ஊர்ப் பெயரையே வைத்து 'கி-1' என்று அழைத்தார்கள். இன்று நாம் சி.டி.30 என்பது அது பிடிக்கிற குறியைத்தான். 1985-ல் ஹரால்ட் ஸ்டைன் என்ற டாக்டரும் அவர் குழுவினரும், இந்தக் குறி கொண்ட பெரிய செல் லிம்போமா தனி வகை என்று எடுத்துக் காட்டினார்கள். அதுவரை இதே வியாதிக்கு எத்தனையோ பேர் வேறு பெயர் கொடுத்திருப்பார்கள்!

1994-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதன் மூலத்தைக் கண்டார்கள். நம் செல்லிலுள்ள 2-ம் எண் குரோமோசோமும் 5-ம் எண் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தூங்க வேண்டிய ஆல்க் மரபணு விழித்துக்கொண்டு, 'பெருகு, பெருகு' என்று செல்லை ஓயாமல் விரட்டுகிறது.

தாய்மார்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். இந்த உடைசல் பரம்பரையாக வந்ததல்ல. குழந்தை வளர்கிறபோது ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தது. கிரகணத்தன்று வெளியே போனதாலோ, கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ வந்ததல்ல. தொட்டால் ஒட்டுவதும் அல்ல. யாராவது உங்கள் மேல் பழி போட்டால், அந்தப் பக்கக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்ததால் என்ன லாபம்?

லாபம் பெரிது. லிம்போமா வரிசையில் 'ஆல்க் பாசிட்டிவ்' என்பது நம்பிக்கை தருகிற வார்த்தை. இந்த வகைக்கென்று வகுத்த மருந்து முறையில், குழந்தைகளில் சுமார் பத்துக்கு ஏழு பேருக்கு வியாதி திரும்பி வருவதில்லை. திரும்பி வந்தவர்களிலும் பலரை மீட்க முடிகிறது. பெரியவர்களிலும் இந்தக் குறி உள்ளவர்கள், இல்லாதவர்களைவிடப் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள்.

இன்னொரு விஷயம்: வியாதியைக் காட்டிக் கொடுத்த அதே குறி, மருந்துக்கு இலக்காகவும் உதவுகிறது. சி.டி.30-ஐத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் மருந்தை இறக்கும் 'பிரெண்டுக்ஸிமாப்' என்ற ஊசி, வியாதி திரும்பி வந்தவர்களுக்காக 2011-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆல்க்கின் வேலையை நிறுத்தும் 'கிரிஸோடினிப்' என்ற மாத்திரை, மற்ற மருந்துக்கு அடங்காத அல்லது திரும்பி வந்த இந்த வியாதிக்கு, குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் 2021-ல் அங்கே அனுமதிக்கப்பட்டது. இரண்டும் விலை கூடியவை. எல்லாருக்கும் தேவைப்படுவதும் இல்லை. ஆனால் குறி தெரியாவிட்டால் இந்தக் கதவுகளைத் தட்டவே முடியாது.

பையன் சங்கதியைச் சொல்லாமல் விட்டால் கடிதம் எழுதிக் கேட்பீர்கள்! சில மாதங்கள் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து சிகிச்சையை முடித்தான். உதிர்ந்த முடி சுருட்டையாக முளைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் செக்கப்புக்கு வருகிறான்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

* குழந்தையின் கழுத்தில் நெறி தட்டுப்பட்டவுடன் அலற வேண்டாம். தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையில் புண், ஈர் பேன் இவற்றாலும் நெறி கட்டும், தானே வடியும். ஆனால் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் வடியாமல் வளர்ந்தால், கெட்டியாக இருந்தால், கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே வந்தால், ஜுரம், வேர்வை, எடைக் குறைவு சேர்ந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* 'டி.பி.யாக இருக்கலாம்' என்றால், "சோதித்துப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். டி.பி. என்று நிரூபணமாகிவிட்டால், மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் முழுக் காலமும் கொடுங்கள்.

* ஊசி வைத்துச் செல்லை உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்ட் நல்ல முதல் படி. ஆனால் லிம்போமா என்று சந்தேகம் வந்தால், கூடியவரை நெறியை முழுசாக எடுத்துப் பார்ப்பதே உத்தமம்.

* சதைப் பரிசோதனைக்கு முன்னால் 'கட்டி வற்றட்டும்' என்று ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம். சில நாளைக்குக் கட்டி சுருங்கும். அதோடு அடையாளமும் மங்கிவிடும். மூச்சுத் திணறல் போன்ற அவசரம் என்றால் மட்டும் டாக்டர் முடிவு செய்வார்.

* சதை பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பினால், பெயரும் எந்த இடத்துச் சதை என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'பார்மலின்தானே?' என்று கேளுங்கள். திரவத்தைக் கொட்டாதீர்கள், ஃப்ரீஸரில் வைக்காதீர்கள். டி.பி. கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் பார்மலின் படாத துண்டு தனியாக வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

* வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதானால் ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். மறுபடி கத்தி வைக்காமல் அதிலிருந்தே சீவிப் பார்க்கலாம். பல வருஷம் ஆனாலும் கெடாது. ஆனால் அது மெழுகு. வெயிலில் நிற்கும் காரிலோ அடுப்பு மேடையிலோ வைத்துவிடாதீர்கள்!

* பணம் கஷ்டமென்றால் டெஸ்ட்டைக் கைவிடுமுன் வாய் திறந்து சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலும் விசாரியுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் என்னென்ன அடங்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிகளுக்கு என் பதில் இதுதான்: தெரிந்த வியாதிக்கு மறு டெஸ்ட் அல்ல இது. பாதி தெரிந்த வியாதியை முழுசாகத் தெரிந்துகொள்கிற டெஸ்ட். ஒரு வாரம் பொறுப்பது கஷ்டம்தான். வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது, தெரியும். ஆனால் அந்த ஒரு வாரத்தில், தப்பான மருந்தில் வீணாகக்கூடிய பல மாதங்கள் மிச்சமாகின்றன.

ரிப்போர்ட்டில் புரியாத வார்த்தை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம்; வார்த்தை மட்டும் போதும். அடுத்த இதழில் ரத்தச் சோகையைப் பற்றிப் பார்ப்போம். முருங்கைக் கீரையோடு வாருங்கள்!